பத்தொன்பதில் ஒரு ஆண்பூச்சி

— அதத் தொடாதே. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கோ. இந்த ஆய்வு அறைக்குள்ள நீ நிக்கிறதே தப்பு, அதுல மேஜைய வேற பிடிச்சு ஆட்டுற.

— ஆட்டல அண்ணி. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன், அதான் பிடிச்சுக்கிட்டேன்.

— அப்ப அந்த ஸ்டூல்ல உக்காரு. தண்ணி வேணும்னா வெளிய வராந்தாவுல பானை இருக்கு.

— தண்ணி வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை வேணும். எங்க தோட்டத்துப் பூச்சி நல்லதா, கெட்டதா?

— நாலு மணிக்குத் தெரியும்.

— உங்களுக்கு இப்பவே தெரியும்.

— எனக்குத் தெரிஞ்சது என்னோட இருக்கும். உள்ள வந்ததுல இருந்து இதோட அஞ்சு தடவை கேட்டுட்டே. நானும் சளைக்காம அஞ்சு தடவை சொல்லிட்டேன்.

— நான் என்ன வழிப்போக்கனா? உங்க புருஷன் கூடப் பொறந்தவன். நீங்க கல்யாணமாகி வந்தப்ப நான் எட்டாவது படிச்சேன். எனக்குப் பின்னம் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். இன்னைக்கு என்னடான்னா என் தோட்டத்துல பூச்சி பிடிச்ச டப்பாவத் தூக்கிட்டு வந்து ரெண்டு நாளாச்சு, வீட்டுப் பக்கமே தலை காட்டல. அண்ணன் போன் பண்ணினா எடுக்குறதில்ல.

— எடுத்தா அவரும் இதத்தான் கேப்பார். அவருக்கு நான் பதில் சொல்லலன்னா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். அதுக்கு எடுக்காமலே இருக்குறது மேல்.

— அண்ணன் சாப்பிடல அண்ணி. நேத்து பக்கத்துத் தோட்டத்துல மிஷின் இறக்கினாங்க. கொடிய வேரோட பிடுங்கும்போது பந்தல் கம்பி அறுந்து ஒரு சத்தம் போடும் பாருங்க, என்னத்தச் சொல்ல, பல்லு கூசும். நாள் பூரா அதக் கேட்டுக்கிட்டு வேலிப் பக்கத்துலயே நின்னார். நோய்த் தடுப்பு வளையத்துக்குள்ள இருந்த பதினாலு திராட்சைத் தோட்டத்துல பதிமூணு போயிடுச்சு. நாளைக்குக் காலையில மிஷின் எங்க கேட்டுக்கு வருது.

— உங்க தோட்டத்துத் தத்துப்பூச்சி நோய் பரப்பாத இனம்னு நிரூபிச்சா வராது.

— அதத்தானே கேக்குறேன். நிரூபிச்சாச்சா?

— நல்லா கேட்டுக்கோ, ஆறாவது தடவையா சொல்றேன், ஏழாவது தடவை சொல்ல மாட்டேன். இந்த ரெண்டு இனத்தையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்க இந்த வேலையில ரெண்டே பேர். நான் ஒருத்தி. ரயில்ல வந்துக்கிட்டிருக்குற பெரியவர் ஒருத்தர். உன் அண்ணி உன் தோட்டத்துப் பூச்சியப் பாக்கலாமான்னே மேல பெரிய யோசனை. கடைசியில ஒரு நிபந்தனையோட விட்டாங்க. நான் பாத்தத எழுதி உறையில போட்டு ஒட்டிடணும். பெரியவர் வந்து தனியா பாத்து எழுதணும். ரெண்டும் ஒத்துப்போனா அதுதான் முடிவு. நடுவுல நான் யார்கிட்டயாவது, அதுலயும் உன்கிட்ட, ஒரு வார்த்தை விட்டேன்னா என் பார்வை குப்பைக்குப் போயிடும்.

— இங்க நம்ம ரெண்டு பேரத் தவிர யார் இருக்கா?

— பெரியவர் உள்ள நுழைஞ்சதும் கேக்குற முதல் கேள்வியே அதுதான். யார்கிட்டயாவது சொன்னியான்னு கேப்பார். அவருகிட்ட வேலை கத்துக்கிட்டவ நான். பொய் சொன்னா என் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்.

— இப்பவும் ஒட்டித்தான் இருக்கு.

— என்ன ஒட்டியிருக்கு?

— நான் உள்ள வந்ததுல இருந்து நீங்க என்னை நிமிந்தே பாக்கல. நல்ல சேதி வச்சிருக்குறவங்க இப்படி இருக்க மாட்டாங்க.

— ஊசி முனையில வேலை பாக்குறவ நிமிந்து பாக்க மாட்டா. ரெண்டு நாளா தூங்காதவ மூஞ்சி கல்யாண வீட்டு மூஞ்சியா இருக்குமா? அது வேற, இது வேற. முடிச்சுப் போடாதே.

— சரி, வேற எதாவது சொல்லுங்க. மொத்தம் எத்தனை பூச்சி பிடிச்சாங்க? அதாவது சொல்லலாமா?

— அது தாள்லயே இருக்கு, சொல்லலாம். பத்தொம்பது. பதினெட்டு பெண். ஒண்ணே ஒண்ணு ஆண்.

— அந்தப் பதினெட்டப் பாத்துச் சொல்ல முடியாதா?

— நல்ல இனத்துப் பெண்ணும் கெட்ட இனத்துப் பெண்ணும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. நெத்தியில அதே ரெண்டு புள்ளி, இறக்கையில அதே பழுப்புக் கோடு. இருபத்தாறு வருஷமா பாக்குறேன், எனக்கே தெரியாது. மரபணுச் சோதனைக்கும் அனுப்பிப் பாத்தாச்சு. ரெண்டும் ஒரே குடும்பத்துல இருந்து நேத்துப் பிரிஞ்ச மாதிரி, அந்தச் சோதனை ரெண்டையும் ஒண்ணுன்னே சொல்லுது. ஆணோட பின்பக்கத்த வெட்டி, காரக் கரைசல்ல ஊற வச்சு, சதையெல்லாம் கரைஞ்சப்புறம் உள்ள மிஞ்சுற உறுப்பப் பாத்தாத்தான் தெரியும்.

— அந்த ஒத்த ஆணுதான் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்துல இருக்கா?

— ஆமா.

— இன்னொரு ஆணப் பிடிக்க முடியாதா?

— எங்க பிடிப்பே? குளிர் இறங்கியாச்சு. இந்த வருஷத்துப் பூச்சி எல்லாம் செத்துப்போச்சு. முட்டை மட்டும் கொடிப் பட்டைக்குள்ள தூங்குது. அடுத்த கோடை வரைக்கும் ஒண்ணு கூடப் பறக்காது. இத ஊற வச்சுட்டு நான் மூச்சு விடவே பயந்தேன்.

— ஒரு தடவை பாத்துக்கட்டுமா?

— வேண்டாம்.

— அண்ணி, பதினஞ்சு வருஷத்துக் கொடி. அண்ணனும் நானும் மழையில நனைஞ்சு குழி வெட்டின தோட்டம். அத வாழ வைக்கப் போறதும் சாவடிக்கப் போறதும் எதுன்னு என் கண்ணால ஒரு தடவை பாக்கக் கூடாதா?

— பாத்தா வெளிய போயிடுவியா?

— போயிடுறேன்.

— வா. மைக்ரோஸ்கோப்புல கண்ண மட்டும் வை, கைய வைக்காதே. மூச்ச அந்தப் பக்கம் விடு. வலது பக்கத்துக் குமிழ நான் திருகுறேன், தெளிவா தெரிஞ்சதும் சொல்லு.

— ஒரே வெள்ளையா இருக்கு. இருங்க, இருங்க. இப்பத் தெரியுது. தேன்ல நகத்துண்டு மிதக்குற மாதிரி இருக்கு.

— அதேதான்.

— இவ்வளவுதானா? இந்தத் துணுக்குக்கா எங்க வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு எரியல?

— பாத்தாச்சுல்ல? எழுந்திரு.

— ரெண்டா பிரிஞ்சிருக்கே.

— எழுந்திருன்னேன்.

— அண்ணி, நுனி ரெண்டா பிரிஞ்சிருக்கு. உங்க ஆபீஸ் நோட்டீஸ்லயே படம் போட்டிருந்தீங்க. நுனி ஒத்தையா இருந்தா நல்லது, ரெண்டா பிரிஞ்சா கெட்டது. அத எங்க பம்ப் அறைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன், தினம் காலையில அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். இது ரெண்டா பிரிஞ்சிருக்கு.

— அந்த நோட்டீஸ் வேண்டாம்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். ஒரு படத்தப் போட்டு ஊரையே நிபுணராக்கிட்டாங்க. குனிஞ்சு பாத்ததும் தெரிஞ்சுடுற வேலைன்னா எனக்கு எதுக்குச் சம்பளம்?

— நான் பாத்தது தப்புன்னு சொல்லுங்க. போதும்.

— தப்புன்னும் சொல்ல மாட்டேன், சரின்னும் சொல்ல மாட்டேன். எதச் சொன்னாலும் சொன்னதாத்தான் ஆகும்.

— தப்பா இருந்தா சொல்லியிருப்பீங்க.

— என் வாயக் கிளறாதே தம்பி. வெளிய போறேன்னு சொன்னியே, போ. வராந்தாவுல உக்காரு. பெரியவர் இப்ப வந்துடுவார்.

— கெட்டதாத்தான் இருக்கும். எனக்கு முன்னாலயே தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ஆறாவது வரிசையில இலை மஞ்சளாகி உள்பக்கம் சுருண்டுக்கிட்டு வருது. நீங்க டப்பா எடுக்க வந்த அன்னைக்குக் காலையிலதான் அந்த இலையெல்லாம் கிள்ளிப் போட்டேன்.

— எத்தனை கொடி?

— ஏழெட்டு இருக்கும்.

— ஆறாவது வரிசையில மட்டும் எப்படி வரும்?

— என்னத்தச் சொல்ல. போன வருஷம் அந்த வரிசையில நாப்பது கொடி பட்டுப்போச்சுல்ல? அதுக்குப் பதிலா புதுக் குச்சி நட்டேன். மேட்டுத் தோட்டத்துக் குச்சி.

— எந்த மேட்டுத் தோட்டம்? நோய் முதல்ல வந்த தோட்டமா?

— அப்ப அங்க நோய் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவன் சும்மா குடுத்தான், வாங்கிட்டு வந்து நட்டேன்.

— வெளிக் குச்சி எதுவும் நடலன்னு அதிகாரிங்ககிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே.

— பயந்துட்டேன்.

— உங்க அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— அவரையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டே. கூடப் பொறந்தவரையே முட்டாளாக்கியிருக்க.

— திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா வெளிய சொல்லிடாதீங்க.

— இத நான் கேட்டது கேட்டதுதான். பெரியவர் வந்ததும் நீயே அவர்கிட்ட சொல்ற. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். அந்த நாப்பது குச்சியையும் தனியா பிடுங்கிப் பாக்கணும். குச்சியில நோய் இருந்தாலும் பக்கத்துக் கொடிக்கு அத எடுத்துட்டுப் போக ஒரு பூச்சி வேணும். குச்சி நோயாளி, பூச்சி அதச் சுமக்குற வண்டி. அது வேற, இது வேற.

— அந்த வண்டியத்தான் இப்ப என் கண்ணால பாத்தேனே.

— நீ என்னத்தப் பாத்தியோ.

— முடிச்சுட்டீங்க அண்ணி. பூச்சிக்குப் பூச்சி, குச்சிக்குக் குச்சி. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டீங்க. எனக்குக் கோபம் இல்ல. உங்க வேலை அப்படி. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சின்ன வயசுல இருந்து உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல.

— கேக்காதே.

— ஆணே கிடைக்கலன்னு சொல்லிடுங்க. பத்தொம்பதும் பெண்ணுன்னு சொல்லிடுங்க. அப்ப நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. அடுத்த கோடை வரைக்கும் தள்ளிப்போடுவாங்க. அதுக்குள்ள ஆறாவது வரிசைய நானே பிடுங்கி எரிச்சுடுறேன், மருந்து அடிக்கிறேன், எத்தனை சுத்து வேணும்னாலும் அடிக்கிறேன்.

— புரியாமப் பேசாதே. ஆண் இல்லன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா உனக்கு? இரு, போன் அடிக்குது. பெரியவர்தான். நகராதே, ஜன்னல்கிட்டப் போனாத்தான் கேக்கும்.

— பேசுங்க.

— வணக்கம் ஐயா. எங்க இருக்கீங்க? வாசலுக்கே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ஆமாங்கய்யா, படி ஏறி வலது பக்கம் மூணாவது கதவு. தயாரா இருக்கு. இல்லங்கய்யா, ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கேட்டாங்க, கேக்காம இருப்பாங்களா, வாயத் திறக்கல நான். ஆமா, ஒரே ஒரு ஆண்தான், பத்திரமா இருக்கு. சரியா கேக்கலங்கய்யா, இங்க ஒரே இரைச்சல். குழாய்ச் சத்தம் மாதிரி... ஒரு நிமிஷம் ஐயா, வச்சுடுறேன். தம்பி, குழாய யார் திறந்தது?

— நான்தான்.

— மூடு. கை கழுவினியா?

— இல்ல அண்ணி.

— மேஜை மேல கிண்ணத்தக் காணோம்.

— இந்தாங்க. சுத்தமா கழுவிட்டேன்.

— விளையாடாதே. இதுல இருந்தது எங்க?

— போயிடுச்சு. உங்களால பொய் சொல்ல முடியாதுன்னு சொன்னீங்கல்ல? இப்ப நீங்க பொய்யே சொல்ல வேண்டாம். ஆண் இல்ல. நிஜமாவே இல்ல. என்னை என்ன வேணும்னாலும் செய்யட்டும். கொடி நிக்கும்ல?

— எவ்வளவு நேரம் குழாய் ஓடுச்சு?

— நீங்க பேசின நேரம் பூரா.

— மேஜைக்குக் கீழ வாளி இருக்கு, எடு. சீக்கிரம். தொட்டிக்கு அடியில வளைஞ்ச குழாய் தெரியுதா? அந்த வளைவுல தண்ணி தங்கும். அதுக்கு நேர் கீழ வாளிய வை. ரெண்டு நட்டு இருக்கு, கையாலயே திருகலாம்.

— எதுக்கு அண்ணி? போனது போகட்டும்.

— திருகுடா.

— என்னை ஒரு நாளும் டா போட்டதில்ல நீங்க.

— இடது பக்கம் திருகு. வரலையா? இந்தத் துணிய வச்சுப் பிடி. மெதுவா, சிதறக் கூடாது, ஒரு சொட்டு கூட வெளிய விழக் கூடாது.

— வந்துடுச்சு. ஐய, ஒரே சேறு.

— அந்த வெள்ளைத் தட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. விளக்க இந்தப் பக்கம் இழு. கடுகுல கால்வாசி இருக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும். எதாவது மின்னினா தொடாதே, சொல்லு.

— எதுக்கு அண்ணி இவ்வளவு பதட்டம்?

— தட்டப் பாரு, என்னைப் பாக்காதே.

— வேலை போயிடும்னு பயப்படுறீங்களா? நானே பெரியவர்கிட்ட சொல்றேன். இவங்க திரும்பி நின்னாங்க, நான்தான் கழுவினேன்னு எழுதியே குடுக்குறேன். உங்க மேல ஒரு தூசி விழாது.

— என் வேலையா இப்பப் பெருசு? ஆண் கிடைக்கலன்னா தள்ளிப்போடுவாங்கன்னு உனக்கு யார் சொன்னது?

— யாரும் சொல்லல. நானா நினைச்சேன்.

— சாதுன்னு நிரூபிக்காத தோட்டம் எல்லாம் கெட்ட தோட்டம்தான். அதான் உத்தரவு. பதிமூணு தோட்டம் போச்சுன்னியே, அதுல அஞ்சு தோட்டத்துல எங்களுக்கு ஒரு ஆண் கூடக் கிடைக்கல. ஒரு பெண்ணையும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாம, அஞ்சையும் பிடுங்கச் சொல்லி எழுதினேன் நான், இதே கையால.

— அப்ப நாளைக்கு மிஷின் வருமா?

— வரும்.

— சரி. எப்படியும் வந்திருக்கும். அது கெட்ட பூச்சிதானே, என்ன பெரிய வித்தியாசம்? நீங்க போட்டோ எதாவது எடுத்து வச்சிருந்தா மட்டும் என்ன ஆயிடப் போவுது?

— போட்டோ ஒரு பக்கத்தத்தான் காட்டும். அது வளைஞ்ச பொருள், திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டாவது ஆள் தன் கண்ணால பாக்காம ஒத்துக்க மாட்டாங்க. நான் தனியா உனக்கு எதிரா எழுதினா செல்லும். உனக்குச் சாதகமா எழுதினா, கொழுந்தனுக்காக எழுதிட்டான்னு சிரிப்பாங்க.

— எனக்குச் சாதகமா எதுக்கு எழுதப் போறீங்க?

— அந்த ஓரத்துல என்னமோ மின்னுது, பாரு.

— மணல் அண்ணி.

— இன்னும் ஊத்து. குழாயத் தட்டு, ஒட்டிக்கிட்டிருக்கும்.

— அண்ணி, படியில காலடிச் சத்தம் கேக்குது.

— கேக்கட்டும்.

— எனக்குச் சாதகமா எதுக்கு எழுதப் போறீங்கன்னு கேட்டேன்.

— நீ பாத்த ரெண்டு கிளையும் நுனி இல்ல. அதுக்குப் பிடிகொம்புன்னு பேரு, பெண்ணப் பிடிச்சுக்குறதுக்கு. எல்லா ஆணுக்கும் ரெண்டு உண்டு, நல்லதுக்கும் உண்டு, கெட்டதுக்கும் உண்டு. நுனி அதுக்குக் கீழ மறைஞ்சிருக்கும். புதுசா பாக்குறவங்க எல்லாரும் அங்கதான் ஏமாறுவாங்க. நானும் முதல் வருஷம் ஏமாந்திருக்கேன். நீ ரெண்டுன்னு சொன்னப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

— கதவத் தட்டுறார் அண்ணி.

— தட்டட்டும், நீ குனிஞ்சு தேடு. ஒத்த நுனி தம்பி, காலையில ஏழு தடவை திருப்பிப் பாத்துட்டேன். உன் தோட்டத்துல மிஷின் இறங்க வேண்டாம்னு எழுதி ஒட்டி வச்சுட்டு, அது செல்லாமப் போயிடக் கூடாதேன்னுதான் உன்கிட்ட வாயத் திறக்காம உக்காந்திருந்தேன்.